மண்ணன் இறங்கிய வழி

சாரல்மலையில் மேகம் பள்ளத்தாக்கிலிருந்து எழும். புல்வெளியைத் தடவிக்கொண்டு மெல்ல மேலே ஏறி வரும். சில சமயம் அதற்குள் குதிரைகளும் இருக்கும். முதலில் காதுகள் தெரியும். பிறகு நனைந்த பிடரி. பிறகு, எங்கிருந்தோ மிதந்து வந்ததுபோல ஒரு முழுக் குதிரை எதிரே நிற்கும்.

எல்லாம் மட்டக் குதிரைகள். ஆளின் நெஞ்சுயரம் இருந்தால் அதிகம். சாரல்மட்டம் என்று பெயர். அந்த மலையைத் தவிர வேறெங்கும் அந்த இனம் கிடையாது. அங்கேயும் ஒரு சிறு மந்தைதான் மிஞ்சியிருந்தது. அதைக் காத்து வந்தவர் பூதியம்மை.

பூதியம்மையைத் தேடிச் சீடர்கள் வருவார்கள். மனம் அடங்க என்ன வழி என்று கேட்பார்கள். அம்மை ஒரு கூடையைக் கொடுத்துச் சாணம் அள்ளச் சொல்வார். பாதிப்பேர் மழைக்கு முன்பே இறங்கிவிடுவார்கள்.

நக்கர் இறங்கவில்லை. அவர் அம்மையைவிட வயதில் நன்றாக மூத்தவர். சமவெளியில், கொற்றனூர்க் கோட்டையில், படைத்தலைவர் மழவராயருக்குக் குதிரை பழக்கியவர். "நக்கர் சொன்ன நாளில், சொன்ன வாசலில் குதிரை நிற்கும்" என்று கோட்டையே பேசும். ஒரு போருக்கு அவர் பழக்கி அனுப்பிய குதிரைகளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. செய்தி வந்த காலையில், வெறுமையாகக் கிடந்த லாயத்தைப் பெருக்கி முடித்துவிட்டு, கால் போன போக்கில் நடந்தார்.

மலையடிவாரத்தில் காய்ச்சல் கண்டு விழுந்தது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஒரு குதிரையின் முதுகில் குப்புறக் கிடந்தார். சுற்றிலும் ஒரே வெண்மை. கயிறு பிடிக்க ஆளில்லை. அது தன்பாட்டுக்கு நடந்து வந்து பூதியம்மையின் குடில் வாசலில் நின்றது.

அந்தக் குதிரைதான் மண்ணன். மழை பெய்து ஓய்ந்த மண்ணின் நிறம். முதுகுத்தண்டு நெடுக ஒரு கருங்கோடு. மந்தையில் இருந்த ஒரே பொலிகுதிரை. பெட்டைகளில் பாதி கிழடு. மீதி எல்லாம் மண்ணனுக்கே பிறந்தவை. தகப்பனோடு மகளைச் சேர்க்க அம்மை விடமாட்டார். அதனால் சில ஆண்டுகளாக அங்கே குட்டி பிறக்கவில்லை.

ஒருநாள் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது நக்கர் கேட்டார்:

"அம்மா, இந்த இனம் எப்படிப் பிழைக்கும்?"

அம்மையின் அரிவாள் நிற்கவில்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"உலகத்துக்குத் தெரியவேண்டும். இவை உழுகின்றன, சுமக்கின்றன, நீந்துகின்றன. குழந்தை ஏறினால் அசையாமல் நிற்கின்றன. பனிமூட்டத்தில் வழி தவறுவதில்லை. இப்படி ஒரு பிராணி இருப்பதே கீழே யாருக்கும் தெரியாது."

"அப்படியானால் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்."

கார்த்திகையில் கொற்றனூரில் குதிரைச் சந்தை கூடியது. நக்கர் தூவி என்ற பெட்டைக் குதிரையைக் குளிப்பாட்டி, பிடரியை வாரி, புதிய கல்பாதை வழியாக அழைத்துப் போனார். கப்பலில் வந்த நெட்டைக் குதிரைகளுக்கு நடுவே தூவி, பந்தியில் வழிதவறி வந்து உட்கார்ந்த பிள்ளைபோல நின்றது.

ஒரு வீரன் வந்தான். "ஓடுமா?"

"ஓடும்."

"என் குதிரையைவிட வேகமாகவா?"

"இல்லை."

ஓர் உப்பு வணிகர் வந்தார். "சுமக்குமா?"

"சுமக்கும்."

"கோவேறு கழுதையைவிட அதிகமாகவா?"

"இல்லை."

ஓர் உழவர் வந்தார். தூவியின் காலைத் தூக்கிப் பார்த்தார். "ஏரில் பூட்டலாமா?"

"பூட்டலாம்."

"எருதைவிட ஆழமாக உழுமா?"

நக்கர் குனிந்து தூவியின் பிடரியை நீவினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். தெரிந்திருந்தால் அன்று சொல்லியிருப்பார்.

சந்தை கலையும் நேரத்தில் மழவராயரே வந்தார். பழைய ஆளை அடையாளம் கண்டு தோளைத் தட்டினார். தூவியைச் சுற்றி வந்தார். அதன் குளம்பையும் கணுக்காலையும் வெகுநேரம் பார்த்தார்.

"உயரம் போதாது. ஆனால் இந்தக் கால் என் குதிரைகளுக்கு இல்லை. பொலிகுதிரை இருக்கிறதா?"

"ஒன்றே ஒன்று. பெயர் மண்ணன்."

"மன்னனா?"

"மண்ணன். மண்ணின் நிறம்."

மழவராயர் வாய்விட்டுச் சிரித்தார். "என் நெட்டைப் பெட்டைகளோடு அதைச் சேர்க்கிறேன். பிறக்கிற குட்டிகளுக்கு உங்கள் மலையின் பெயரையே வைக்கிறேன். எட்டுத் திக்கிலும் அந்தப் பெயர் ஓடும். உங்கள் புல்வெளியை யாரும் உழாதபடி காவலும் போடுகிறேன். தை பிறப்பதற்குள் குதிரை என் வாசலில் நிற்கவேண்டும். தை முதல்நாள் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு வடக்கே பாசறைக்குப் போய்விடுவேன். அப்புறம் வந்து பயனில்லை."

"நிற்கும்" என்றார் நக்கர்.

மலையேறும்போது அவர் காலில் வலியே தெரியவில்லை. நடந்ததை எல்லாம் அம்மையிடம் ஒரே மூச்சில் சொன்னார். அம்மை மண்ணனின் நெற்றியைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அழைத்துப் போங்கள்" என்றார்.

நக்கர் திகைத்தார். "மறுப்பீர்கள் என்று நினைத்தேன்."

"மறுத்திருந்தால்?"

"மன்றாடியிருப்பேன்."

"எதற்கு அந்த வேலை? கல்பாதையில் மட்டும் போகவேண்டாம். பழைய பாதையில் இறங்குங்கள்."

"அது ஊர் ஊராகச் சுற்றுமே, அம்மா."

"மார்கழி முழுக்க உங்கள் கையில் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு அம்மை மேகத்துக்குள் போய்விட்டார்.

பழைய பாதை மரங்களுக்கு அடியில் பச்சையாகக் கிடந்தது. மனிதர் நடந்த தடமெல்லாம் பாசி மூடியிருந்தது. மண்ணனின் குளம்பு விழும் ஓசைகூடக் கேட்கவில்லை. நக்கர் பல சமயம் திரும்பிப் பார்த்துக்கொண்டார், கையில் இருப்பது கயிறு மட்டும்தானோ என்று.

முதலில் வந்த ஊர் மூங்கிலடி. செக்கடியில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். பெயர் காளத்தி. செக்கு இழுத்த எருது நொண்டிக்கொண்டு ஓரமாகப் படுத்திருந்தது. எள் பாதி அரைபட்டு உரலில் கிடந்தது.

"ஐயா, இது செக்கு இழுக்குமா?"

"இழுக்கும். ஆனால் எனக்கு நேரமில்லை தாயே."

"உரலில் கிடக்கிற இந்த ஈடு மட்டும் ஆட்டி முடித்தால் போதும். விட்டால் எள் கெட்டுவிடும்."

ஓர் ஈடுதானே என்று நக்கர் மண்ணனைப் பூட்டினார். அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்தே செக்கு இழுத்த குதிரைபோல வட்டம் வந்தது. எண்ணெய் மணம் எழுந்தது. அதற்குள் மேகம் ஏறிப் பாதையை அழித்துவிட்டது. வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கனைப்பு.

"எங்கள் பெட்டை" என்றாள் காளத்தி. "கல்பாதை போட்ட பிறகு இந்தப் பக்கம் பொலிகுதிரை எதுவும் வந்ததில்லை. பாவம், குரல் கேட்டே வெகுகாலம் ஆயிற்று."

"நான் உடனே புறப்படவேண்டும்."

"எங்கே? எதிரே இருக்கிற என் முகமாவது தெரிகிறதா உங்களுக்கு?"

தெரியவில்லை. நக்கர் தங்கினார். விடிந்து பார்த்தால் கொல்லை வேலி சாய்ந்து கிடந்தது. மண்ணனும் அந்தப் பெட்டையும் கழுத்தோடு கழுத்து சேர்த்து நின்றிருந்தன. நக்கர் தலையில் அடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

அடுத்த மேட்டில் ஒரு கல்யாணக் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. மணப்பெண் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியிருந்தது. மாப்பிள்ளை ஊர் இன்னும் மேலே.

பெண்ணின் தகப்பனார் நக்கரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, இது கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். தப்பினால் மார்கழி வந்துவிடும்."

"நான் கீழே போகிறவன்."

"தெரிகிறது. இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை."

பெண் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையின் ஓரத்தில் சேறு. அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நக்கர் ஒருமுறை பாதையைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு மண்ணனைத் திருப்பினார்.

அந்த ஊர்வலத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. மேகம் சூழ்ந்திருந்ததால் முன்னால் போன மேளக்காரரைக் காணவில்லை. மேளம் மட்டும் கேட்டது. மல்லிகை வாசம் வந்தது. மண்ணன் அந்தப் பெண்ணை ஒரு குலுங்கலும் இல்லாமல், குடத்து நீரைச் சுமப்பதுபோலக் கொண்டுபோனது. மாப்பிள்ளை ஊரிலும் குதிரைகள் இருந்தன. அங்கேயும் விருந்து. அங்கேயும் ஒரு கனைப்பு.

இப்படியே போயிற்று. ஓர் ஊரில் மழையில் வீடு இடிந்தவரின் தானியக் குதிர். ஓர் ஊரில் நடக்க முடியாத பாட்டுக்காரர் ஒருவர். பக்கத்து ஊர் வரைக்கும் குதிரை மேலிருந்தே பாடிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் நக்கர் மறுத்தார். ஒவ்வொரு முறையும் மறுத்த கையோடு கயிற்றை அவிழ்த்தார். நடக்கும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார். மார்கழி கரைந்தது.

ஈச்சந்துறை ஆற்றங்கரைக்கு வந்தபோது, மறுநாள் தை. மேகம் விலகி, தூரத்தில் கொற்றனூர்க் கோட்டை தெரிந்தது. கொத்தளத்தின் மேல் கொடி அசைந்தது. நக்கரின் நெஞ்சு லேசாயிற்று. கரையோடு இறங்கினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம்.

கரையில் ஒரு கிழவி நின்றிருந்தாள். கையில் துணிமூட்டை. ஆறு பெருகிச் செந்நிறமாக ஓடியது.

"ஓடம் அடித்துக்கொண்டு போய்விட்டது" என்றாள். "நான் மருதி. பிள்ளைப்பேறு பார்க்கிறவள். அக்கரையில் ஒருத்திக்கு விடியலிலிருந்து வலி. தலைச்சன். இந்தக் குதிரை நீந்துமா?"

நீந்தும். சந்தையில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி அது.

அக்கரைக்குப் போனால் வெள்ளம் வடியும்வரை திரும்ப முடியாது. ஓய்வில்லாமல் இரண்டு முறை ஆற்றைக் கடக்கவைத்தால் எந்தக் குதிரையும் மூச்சு முட்டிச் செத்துவிடும். அவருக்குத் தெரியாதா? அக்கரை என்றால் கோட்டை இல்லை. கோட்டை இல்லை என்றால் பெயர் இல்லை, காவல் இல்லை. வாழ்நாளில் அவர் சொல்லித் தவறிய ஒரே நாள் அதுவாக இருக்கும்.

"உங்களுக்கு அவசரமோ?" என்று மருதி கேட்டாள்.

நக்கர் கொடியைப் பார்த்தார். அக்கரையில் யாரோ ஓர் ஆள் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான். கத்துகிறான் போலிருந்தது, ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

"பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார் நக்கர்.

மண்ணன் ஆற்றுக்குள் இறங்கியது. நீர் முழங்காலைத் தொட்டது, வயிற்றைத் தொட்டது. பிறகு காலடியில் தரை இல்லை. நக்கர் வாலைப் பற்றிக்கொண்டு மிதந்தார். செந்நீருக்கு மேல் இரண்டு காதுகள், ஒரு கிழவி, ஒரு துணிமூட்டை. ஏதோ கனவில் ஆறே தங்களைத் தூக்கிக்கொண்டு போவதாக அவருக்குத் தோன்றியது. பயம் வரவில்லை. கரை வந்தது.

அந்தி நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. மருதி வெளியே வந்து, "பெண்" என்றாள். அக்கரையில் கைகளை ஆட்டிய அந்த ஆள் நக்கரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

மறுநாள் அங்கேதான் தை பிறந்தது. வாசல்தோறும் பானைகள் பொங்கின. குழந்தையின் தகப்பன் முதல் பிடியை மண்ணனுக்கு ஊட்டினான். நக்கர் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தூரத்தில் கோட்டைக் கொடி இறங்கியது. வடக்குச் சாலையில் நீளமாகப் புழுதி எழுந்து, மெல்ல அடங்கியது.

வெள்ளம் வடிந்த பிறகும் அவர் மலையேறவில்லை. எந்த முகத்தோடு அம்மையின் முன்னால் நிற்பது? அக்கரை ஊர்களில் நடந்தார். எங்காவது ஏதாவது ஒரு வேலை இருந்தது. ஏர் பூட்ட ஒருவர், விறகு இறக்க ஒருவர், நோயாளியை வைத்தியரிடம் சேர்க்க ஒருவர். எல்லா ஊரிலும் யார் வீட்டுக் கொல்லையிலாவது ஒரு பெட்டைக் குதிரை நின்றது. மழை வந்தது, போனது. மறுபடி வந்தது. மண்ணனின் கருங்கோட்டில் நரை விழுந்தது. நக்கரின் புருவமும் வெளுத்தது.

ஒருநாள் நடந்து நடந்து, தாமே அறியாமல் கொற்றனூர்க் கோட்டை வாசலில் வந்து நின்றார். லாயத்துக்குப் புது அதிகாரி. அவருக்கு நக்கர் யாரென்று தெரியவில்லை.

"மழவராயருக்காகக் கொண்டுவந்த குதிரை" என்றார் நக்கர்.

"அவர் வடக்கேயே தங்கிவிட்டார். வந்து எவ்வளவோ காலம் ஆகிறது." அதிகாரி மண்ணனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். குரலில் இரக்கம் வந்தது. "இதற்கு வயதாகிவிட்டது, பெரியவரே. வீட்டுக்கு அழைத்துப் போங்கள்."

வீடு என்றதும் நக்கருக்கு மேகம்தான் நினைவுக்கு வந்தது.

பழைய பாதையில் ஏறினார். ஆனால் பாதை பழையபடி இல்லை. பாசி மறைந்து, தடம் வெளுத்துக் கிடந்தது. ஈச்சந்துறையில் ஒரு சிறுமி ஒரு குதிரைக் குட்டியை ஆற்றில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குட்டியின் முதுகில் கருங்கோடு. தானியம் ஏற்றிக்கொண்டு ஒரு குதிரை எதிரே வந்தது, அதற்கும் கருங்கோடு. கல்யாணம் நடந்த ஊரில் ஒரு வாசலில் தாயும் பிள்ளையுமாக நாலைந்து நின்றன. சாம்பல் நிறம், தேன் நிறம், ஈரமண் நிறம்.

மூங்கிலடியில் காளத்தியின் செக்கை ஓர் இளங்குதிரை இழுத்துக்கொண்டிருந்தது.

"இது என்ன இனம் தெரியுமா, தாயே?" என்று நக்கர் கேட்டார்.

"இனமாவது? எங்கள் வீட்டுக் குதிரை" என்றாள் அவள். பிறகு மண்ணனை உற்றுப் பார்த்தாள். ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மேலே புல்வெளிக்கு வந்தபோது நக்கரால் தன் கண்ணை நம்ப முடியவில்லை. கோடைக்கு ஊர்க்காரர்கள் குதிரைகளை மேலே ஓட்டி விட்டிருந்தார்கள். மேகம் நகர நகரக் குதிரைகள் தெரிந்துகொண்டே இருந்தன. எங்கே மந்தை முடிகிறது, எங்கே மேகம் தொடங்குகிறது என்று புரியவில்லை. ஊர்களே முறைவைத்துப் புல்லைக் காவல் காத்தன.

பூதியம்மை ஒரு குட்டியின் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலையும் நரைத்திருந்தது. நக்கர் எதிரே போய் நின்றார்.

"அம்மா, குதிரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை."

"கேள்விப்பட்டேன்."

"சொன்ன சொல் தவறிவிட்டேன். இந்த இனத்தின் பெயர் கீழே இன்றைக்கும் யாருக்கும் தெரியாது."

"ம்."

மண்ணன் அவர் கையிலிருந்து கயிற்றை மெல்ல உருவிக்கொண்டு புல்லுக்குள் போயிற்று. நக்கர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதையில் ஏறும்போதெல்லாம் உள்ளே உருண்டுகொண்டிருந்த ஒன்று அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"அந்தப் பாதை நெடுக, ஊர் ஊருக்குப் பெட்டைக் குதிரைகள் இருந்தன."

"இருந்தன."

"உங்களுக்கு அது அன்றைக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்படியானால் புறப்படும்போதே ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

முள் வந்துவிட்டது. அம்மை குட்டியைத் தட்டி அனுப்பினார். அது நொண்டாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"குதிரைகள் இருப்பதுதான் எனக்குத் தெரியும், நக்கரே. வழியில் கேட்கிறவர்களுக்காக நீங்கள் நிற்பீர்களா என்று எனக்குத் தெரியாது."